துணியைத் தொடாத இதழ்

நாகஜோதி அந்த ஜாக்கெட்டை ஒரு துண்டில் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் பையும் போட்டு, ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து தொண்டி வரைக்கும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். சூஃபியாவின் தையல் கடையில், வெட்டுமேசைமேல் அதைப் பிரித்தபோது, மூலையில் உட்கார்ந்து கொக்கி தைத்துக்கொண்டிருந்த சித்தி ஜுனைதாவே வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

கரும்பச்சைப் பட்டு. இரண்டு கைகளிலும் நான்கு நான்கு, முதுகில் கழுத்துக்குக் கீழே ஒன்று என்று மொத்தம் ஒன்பது மஞ்சள் பூக்கள். சாதாரணமாக ஜாக்கெட்டில் தைத்த பூ துணியோடு ஒட்டித்தான் கிடக்கும். இவை அப்படியில்லை. ஒவ்வோர் இதழும் அடியில் மட்டும் துணியைப் பிடித்துக்கொண்டு, மற்றபடி தனியாக எழும்பி, லேசாகக் குழிந்து நின்றது. விரலால் தட்டினால் ஆடியது. வலது கையில் மூன்றாவது பூவுக்கு மட்டும் ஐந்தில் ஓர் இதழைக் காணோம்.

வளையலில் மாட்டிப் பிய்ந்துவிட்டது என்றாள் நாகஜோதி. பத்து நாளில் திருவாடானையில் அவள் தங்கைக்குக் கல்யாணம். அதற்குள் அந்த ஓர் இதழை வைத்துக் கொடுத்தால் போதும். அவள் வீட்டுக்காரர் வினோத்குமார் சரக்குக் கப்பலில் என்ஜின் அறையில் வேலை பார்ப்பவர். போன வருசம் லீவில் வந்தபோது, பூப்போட்டு வெட்டத் தயாராக இருந்த இந்தத் துணியைச் சிங்கப்பூரில் வாங்கியதாகக் கொண்டுவந்து கொடுத்தார். ஜாக்கெட் தைத்த டெய்லரிடம் கேட்டதற்கு, இந்தப் பூவெல்லாம் நமக்கு வராது என்று சொல்லிவிட்டார்.

"நீங்க ஆரி வேலை நல்லாப் பண்ணுவீகன்னு சொன்னாக. அதான்க்கா இங்கன கொண்டாந்தேன்," என்றாள்.

சூஃபியா சரியென்று வாங்கி வைத்துக்கொண்டாள். நாகஜோதி போன பிறகுதான் லைனிங்கின் ஓரத்தை நாலு விரற்கடை பிரித்து, துணியின் உள்பக்கத்தைப் பார்த்தாள்.

எந்தத் தையலையும் பின்னால் திருப்பிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும் என்பது அவளுடைய பதினெட்டு வருசத்து அனுபவம். ஊசி எங்கே நுழைந்தது, எங்கே வெளியே வந்தது, தைத்தவள் அவசரக்காரியா நிதானக்காரியா என்பது வரைக்கும் அங்கே இருக்கும். இதில் ஒன்றுமே இல்லை. ஒவ்வோர் இதழின் அடிக்கும் நேராக, எள் அளவில் இரண்டு மூன்று புள்ளித் தையல்கள். அவ்வளவுதான். இத்தனை நூல் எப்படி மேலே போனது, மேலே போனது எப்படி நின்றது என்பதற்குத் தடயமே கிடையாது.

அவளுக்கு அதற்கப்புறம் வேறு வேலை ஓடவில்லை.

சூஃபியாவின் சுபாவமே அப்படி. கல்யாணமான புதிதில் கணவர் நவ்ஷாதின் கைக்கடிகாரத்தைத் திறந்து, உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, மூடத் தெரியாமல் ஒரு கிண்ணத்தில் போட்டு அவரிடம் நீட்டியவள். இப்போது ஷார்ஜாவில் இருக்கும் நவ்ஷாத், வீட்டில் எதையாவது புதிதாக வாங்கினால், முதலில் அதை உன்னிடமிருந்து ஒளித்து வைக்க வேண்டும் என்று போனில் கேலி செய்வார். முப்பத்தொன்பது வயதாகியும் அது போகவில்லை.

அன்றைக்கும் மறுநாளும் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஒரு பழைய துணியில் போட்டுப் பார்த்தாள். சங்கிலித் தையலை வரிசையாக அடுக்கினாள். ஊசியில் நூலைப் பத்துச் சுற்றுச் சுற்றி இழுத்துப் பார்த்தாள். மஞ்சள் புழு மாதிரி வந்தது. காஜா தையலை ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டினாள். அது நின்றது, ஆனால் இதழாக இல்லை, கோழிக்கொண்டையாக இருந்தது. போனில் தேடலாம் என்றால் இந்தத் தையலுக்குப் பெயர் தெரியவில்லை. பூ, இதழ், எம்பிராய்டரி என்று எதைப் போட்டாலும் ரிப்பன் ரோஜாக்களாக வந்து கொட்டின.

சித்தி ஜுனைதா ஐம்பது வயதுக்காரர்; சித்தி என்பது உறவுமுறை இல்லை, அவர் பெயரே அதுதான். சூஃபியா அவரை லாத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவாள். உடன்பிறந்த அக்கா இல்லை, எதிர்வீட்டுக்காரர்தான். அவருக்குத் தையலில் கொக்கியும் ஓரமும் போதும், புதிதாக எதையும் தெரிந்துகொள்ளும் ஆசை கிடையாது. ஆனால் கண் கூர்மை. இரண்டாம் நாள் சாயங்காலம் ஜாக்கெட்டின் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தவர், "இது ஆவாரம்பூல்ல?" என்றார்.

சூஃபியா வாங்கிப் பார்த்தாள். ஆமாம். மஞ்சள் இதழ் ஐந்து, ஓரத்தில் சுருக்கம், நடுவிலிருந்து வெளியே வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும் பழுப்பு மீசைகள். இரண்டு நாளாகத் தையலையே பார்த்துக்கொண்டிருந்ததில் பூவைப் பார்க்கவில்லை.

"சிங்கப்பூர்ல கடை வச்சிருக்கவுக ஆவாரம்பூவுக்கு எங்கன போவாக?" என்றார் லாத்தா. "அங்கனெல்லாம் ரோஜாதானே போடுவாக."

வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் நிற்கிற செடியை, பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பறிக்கிற பூவை, பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள்தான் இப்படித் தைக்க முடியும். அதுவும் அந்த மீசையின் வளைவு வரைக்கும். சூஃபியாவுக்கு ஆர்வம் இரண்டு மடங்காகிவிட்டது. எப்படித் தைத்தார்கள் என்பதோடு, யார் தைத்தார்கள் என்பதும் சேர்ந்துகொண்டது.

மூன்றாம் நாள், மதியம் லுஹர் தொழுகை முடிந்து லாத்தா சாப்பிட வீட்டுக்குப் போன நேரத்தில், சூஃபியா அந்தக் காரியத்தைச் செய்தாள்.

பிய்ந்துபோன இதழின் இடத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் பக்கத்து இதழ் முழுசாக இருக்கிறது. ஒன்றே ஒன்றைப் பிரித்தால் தெரிந்துவிடும்; தெரிந்துவிட்டால் இரண்டையும் சேர்த்தே போட்டுக் கொடுத்துவிடலாம். இப்படி நினைத்துக்கொண்டே ஊசிமுனையால் அடி முடிச்சை நெம்பினாள். நூல் வர ஆரம்பித்தது. அப்போதுதான் பின்னி அவிழ்த்த தலைமுடி மாதிரி நெளிநெளியாக வந்துகொண்டே இருந்தது. ஒரு நகத்தளவு இதழுக்குள் ஒரு முழத்துக்கு மேல் நூல். அது முழுக்க வந்ததும், துணியில் மூன்று நூல்கள் மட்டும் மிஞ்சின. உச்சியில் ஒன்றுசேர்ந்து, அடியில் விரிந்து, கோபுரம் மாதிரி ஒரு கணம் நின்றுவிட்டுச் சரிந்தன.

நெசவு. நீளவாக்கில் மூன்று நூல் பாவு, குறுக்கே ஓடும் ஒரு நூல் ஊடு. ஒன்றின் மேலே, அடுத்ததன் கீழே, திரும்பி வரும்போது மாற்றி. இதழைத் தைக்கவில்லை, நெய்திருக்கிறார்கள். சூஃபியாவுக்கு வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது.

அந்தச் சந்தோஷம் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. மறுபடி நெய்யப் போனால், பாவு நிற்கவில்லை. தறி இல்லாமல் எப்படி நெய்வது? இடது கையால் உச்சியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஊசியை ஓட்டினால் நூல் தொய்ந்து முறுக்கிக்கொண்டது. பல் குத்தும் குச்சியில் மாட்டிப் பார்த்தாள், வழுக்கிக்கொண்டு வந்தது. நெய்யும்போது அந்த மூன்று நூலையும் ஏதோ ஒன்று இழுத்துப் பிடித்திருக்கிறது. வேலை முடிந்ததும் அது போய்விட்டது. அது என்ன என்பதற்குத்தான் தடயமே இல்லை.

இப்போது பூவில் இரண்டு இதழைக் காணோம்.

லாத்தா திரும்பி வந்து அதைப் பார்த்தார். கொக்கி டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு, அடுத்தவள் பொருளில் கைவைத்துப் படிக்கிற படிப்பு என்ன படிப்பு என்று மட்டும் கேட்டார். சூஃபியாவுக்கும் அது தெரியும். கடிகாரம் நவ்ஷாதுடையது, கோபித்துக்கொண்டாலும் வீட்டுக்காரர். இது வெளி ஆள் நம்பிக் கொடுத்துவிட்டுப் போனது.

மறுநாள் காலையில் வெயிலும் புழுக்கமுமாக இருந்தது. கடல் பக்கமிருந்து காற்றே இல்லை. சூஃபியா பயிற்சித் துணியை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி முயன்றுகொண்டிருந்தாள். கழுத்து வேர்க்க, முக்காட்டைத் தளர்த்துவதற்காகத் தாடைக்குக் கீழே குத்தியிருந்த குண்டூசியை எடுத்தாள். எடுத்ததை வைக்க இடம் தேடாமல், எப்போதும் செய்வது போல மடியிலிருந்த துணியிலேயே குத்தினாள். முனை துணிக்குள் போய்விட்டது, முத்துத் தலை வெளியே நின்றது. அடுத்த முறை நூலை இழுத்தபோது அது அந்தத் தலையில் போய் மாட்டிக்கொண்டது.

எரிச்சலோடு விடுவிக்கப் போனவள், கையை அப்படியே நிறுத்தினாள்.

நூலை இடது பக்கம் அடியிலிருந்து எடுத்து, குண்டூசித் தலையைச் சுற்றி, வலது பக்கம் அடியில் இறக்கினாள். நடுவிலிருந்து மறுபடி எடுத்து, தலையில் இன்னொரு சுற்று. மூன்று நூலும் தந்திக் கம்பி மாதிரி விறைத்து நின்றன. உச்சியிலிருந்து மேலும் கீழுமாக நெய்துகொண்டே அடி வரைக்கும் வந்தாள். முடித்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு குண்டூசியை உருவினாள். இதழ் எழுந்து நின்றது.

"லாத்தா, இங்கன வாங்களேன்," என்றாள்.

நின்றது உண்மைதான். ஆனால் ஆவாரம்பூவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது வேறு சாதியாக இருந்தது. இடுப்பு ஒடுங்கி உடுக்கை மாதிரி இருந்தது. ஊசிமுனை போகிற வழியில் பாவு நூலையே பிளந்துகொண்டு போனதில் ஓரமெல்லாம் சிலும்பியிருந்தது. முக்கியமாக, அந்தக் குழிவு இல்லை. பலகை மாதிரித் தட்டையாக நின்றது. அன்று சாயங்காலத்துக்குள் இருபத்துமூன்று இதழ் நெய்தாள். இருபத்துமூன்றும் தட்டை.

கல்யாணத்துக்கு ஆறு நாள்தான் இருந்தது. இனியும் மறைப்பது தப்பு என்று நாகஜோதிக்குப் போன் போட்டாள். "ஒன்னைச் சரிபண்ணக் கொடுத்தே. நான் எப்படிப் பண்ணிருக்காகன்னு பாக்கப்போயி இன்னொன்னையும் பிரிச்சுட்டேன்ம்மா. அது மாதிரியே போட இன்னும் எனக்கு வரலை," என்றாள். நாளைக்கு வாரேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நாகஜோதி வைத்துவிட்டாள்.

மறுநாள் முற்பகலில் பைக்கில் இரண்டு பேரும் வந்தார்கள். வினோத்குமார் லீவுக்கு வந்து மூன்று வாரமாகிறது என்று சொன்னார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல உயரம், விரல்களில் பழைய எண்ணெய்க் கறை படிந்த தடித்த கைகள். பெண்கள் தையல் கடை என்பதால் வாசலோடு நின்றுகொண்டார். லாத்தாதான் ஸ்டூலை நகர்த்திப் போட்டு உள்ளே வரச் சொன்னார்.

நாகஜோதி ஜாக்கெட்டைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. "எங்க வீட்டுல எனக்குன்னு இவுக வாங்கியாந்தது இது ஒன்னுதான்க்கா," என்றாள். அவள் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று சூஃபியாவுக்கு இருந்தது. தப்பு என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டு, எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று காட்டுவதற்காகப் பயிற்சித் துணியை எடுத்து மேசையில் விரித்தாள். இருபத்துமூன்று தட்டை இதழ்கள் வரிசையாக நின்றன.

நாகஜோதி அதைக் கண்டுகொள்ளவில்லை. வினோத்குமார்தான் குனிந்து பார்த்தார். ஒன்றை விரல்நுனியால் புரட்டினார். அடுத்ததைப் புரட்டினார். அதன் ஓரத்தில் சிலும்பியிருந்த நூலை நகத்தால் தடவியபடியே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்:

"ஊசிய முனைப் பக்கமா விடாதீகக்கா. காதுப் பக்கமா விட்டா நூல் பிளக்காது."

மூன்று பெண்களும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். தெருவில் ஒரு மீன் வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். வினோத்குமார் தலையை நிமிர்த்தினார். தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது போலிருந்தது. காது மடல் சிவந்துவிட்டது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் நாகஜோதி.

அவர் சொன்னது சுருக்கமாக இதுதான். கப்பலில் சமையலறையில் ஒரு பிலிப்பைன்ஸ்காரர் இருந்தார். வேலை முடிந்ததும் தன் மகளின் கவுனுக்குப் பூத்தைப்பார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, பிறகு ஊசியை வாங்கிப் பழகினார். துணி மட்டும் சிங்கப்பூரில் எடுத்தது. பூ அவர் போட்டது. லீவில் வந்து அதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த அன்றைக்கு அய்யாவும் சித்தப்பா மக்களும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கே வாங்கினாய் என்று யாரோ கேட்டதும், வாயில் சிங்கப்பூர் என்று வந்துவிட்டது. அப்புறம் அதை மாற்றிச் சொல்ல நேரமே வாய்க்கவில்லை.

"ஒரு வருசமா ஊரு பூராம் சிங்கப்பூர்னு சொல்லிக்கிட்டுத் திரியிறேன்," என்றாள் நாகஜோதி. கோபமா, அழுகையா, சிரிப்பா என்று முகத்தில் தெரியவில்லை. அவள் ஜாக்கெட்டைத் தன் பக்கம் இழுத்து, இடது கையில் முதல் பூவின்மேல் விரலை வைத்தாள். "இது எங்கன வச்சுப் போட்டது?"

"அது மலாக்கா தாண்டி. முதல் பூ. ரெண்டு தடவ பிரிச்சுப் போட்டேன்."

"இது?"

"சூயஸுக்கு வெளிய. வரிசையில நாலு நாளு நங்கூரம் போட்டு நின்னோம்."

விரல் அடுத்த பூவுக்குப் போனது. செங்கடல். அதற்கடுத்தது, டர்பனுக்குப் போகும் வழியில், அலையடிப்பில் ஊசி விரலில் ஏறிய பூ. ஒரு பூவுக்கு மட்டும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. யோசிச்சுச் சொல்லுங்க என்று அவள் விடாமல் நின்றாள். கழுத்துக்குக் கீழே இருந்த ஒன்பதாவது பூவைத் தொட்டபோது, அது உன்னிடம் கொடுப்பதற்கு முந்தி நம் வீட்டில், நீ கண்மாய்க்குக் குளிக்கப் போயிருந்தபோது போட்டது, மீசையின் வளைவு சரியாக வரவில்லையென்று செடியைப் பார்த்துப் போட்டது என்றார். நாகஜோதி இன்னொரு ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

சூஃபியா இவ்வளவு நேரமும் பொறுமையாக இருந்தாள். இதற்கு மேல் முடியவில்லை. தன் குண்டூசியையும் மஞ்சள் நூல் கோத்த ஊசியையும் அவர் முன்னால் வைத்து, "தம்பி, அந்தக் குழிவு எப்படி வருது? அத மட்டும் சொல்லுங்க," என்றாள்.

வினோத்குமார் யோசித்தார். "தெரியலக்கா. எனக்குப் போட்டா வந்துரும். ஏன் வருதுன்னு அந்த ஆளும் சொல்லலை."

"அப்ப போடுங்க. நான் பாத்துக்கிறேன்."

அவர் ஜாக்கெட்டிலேயே போட ஆரம்பித்தார். அந்தத் தடித்த விரல்களுக்குள் ஊசி காணாமல் போனது. காதுப் பக்கத்தை முன்னால் விட்டு, ஒவ்வொரு வரிசைக்கும் நூலை இழுக்காமல், மெதுவாக உச்சியை நோக்கித் தள்ளி அடுக்கினார். சூஃபியா மேசையில் முகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு பக்கவாட்டில் பார்த்தாள். முதல் இதழ் முடிந்தது, குழிந்திருந்தது. அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டாவதுக்கு அவர் பாவு கட்டியபோது, அவள் நிறுத்தச் சொல்லிவிட்டு, நாடாவை எடுத்து அடியில் ஓர நூல்களின் இரண்டு கால்களுக்கும் இடையே இருந்த தூரத்தை அளந்தாள். தன்னுடையதில் அளந்தாள். அவருடையது பாதிதான்.

"காலை நெருக்கி வச்சிருக்கீக. ஆனா நெசவை அகலமா விடுறீக," என்றாள். "அகலமா வந்த இதழுக்கு அடியில இடம் பத்தலை. அது எங்கன போகும்? வளைஞ்சுதானே ஆகணும்."

வினோத்குமார் தான் போட்ட இதழைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "அட, ஆமா," என்றார். நாலு மாதம் நாற்பத்தைந்து இதழ் போட்டவருக்கு அது தெரியவில்லை. அடுத்த இதழைத் தானே நெய்வதாகச் சூஃபியா சொன்னாள். ஜாக்கெட்டில் வேண்டாம், பயிற்சித் துணியில். காலை நெருக்கி, நெசவைத் தளர்த்தி, காதுப் பக்கமாக ஊசியை விட்டு நெய்து முடித்தாள். குண்டூசியை உருவியதும் இதழ் எழுந்து, யாரோ உள்ளே விரலை வைத்து அமுக்கியது போலக் குழிந்தது. லாத்தா அதைக் கிட்டத்தில் வந்து பார்த்துவிட்டு, மாஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டுப் போய்க் கொக்கியை எடுத்துக்கொண்டார்.

நாகஜோதி எட்டிப் பார்த்தாள். பூவின் மிச்ச இதழைப் போடப்போன புருசனைத் தடுத்து, "அதை அக்காவே போடட்டும்," என்றாள். அப்படியே நடந்தது. காணாமல்போன இரண்டில் ஒன்று வினோத்குமார் போட்டது, மற்றது சூஃபியா போட்டது. எது யாருடையது என்று நன்றாக உற்றுப் பார்த்தால் தெரியும். சூஃபியாவின் இதழ் கொஞ்சம் கூடுதலாகக் குழிந்திருந்தது.

கல்யாணத்தில் ஜாக்கெட்டைப் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம் நாகஜோதி, எங்க வீட்டுக்காரர் போட்டது என்று சொன்னாளாம். அவர் பந்தி நடக்கும் இடத்தில் போய் ஒளிந்துகொண்டாராம். சித்தப்பா மக்கள் கிண்டல் செய்தது உண்மைதான். ஆனால் அவர்களில் ஒருவரின் மனைவி அங்கேயே தேடி வந்து, எனக்கும் இரண்டு பூப் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டிருக்கிறாள். இதையெல்லாம் நாகஜோதி போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அடுத்த மாதம் வினோத்குமார் கப்பலுக்குத் திரும்பிப் போனார். பெட்டியில் இந்த முறை நாலு நிற நூல் வெளிப்படையாகவே போனது.

சூஃபியா நந்தியாவட்டை போட்டாள், பூசணிப்பூ போட்டுப் பார்த்தாள், கடைக்கு வந்தவர்களிடம் பிரிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு வேலைகளை எடுத்துக்கொண்டாள். பிறகு கடற்கரை மணலில் படர்கிற அடப்பங்கொடியின் பூவில் மாட்டிக்கொண்டாள். ஊதா நிறத்தில் புனல் மாதிரி இருக்கும் பூ. அதற்குத் தனித்தனி இதழே கிடையாது. ஐந்து இதழை ஒட்டவைத்துப் பார்த்தாள், இடையில் வெளிச்சம் தெரிந்தது. அதைப் படம் பிடித்து நாகஜோதி மூலமாகக் கப்பலுக்கு அனுப்பினாள். பதினோரு நாள் கழித்து, சிக்னல் கிடைத்த ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து, எனக்கும் வரலை என்று பதில் வந்தது. கூடவே கோணல் கிண்ணம் மாதிரி வந்த ஒரு பூவின் படம்.

அன்று காலை பத்து மணிக்கு, பூ வாடுவதற்குள் போக வேண்டும் என்று லாத்தாவையும் கிளப்பிக்கொண்டு சூஃபியா கடற்கரைக்குப் போனாள். கரையேறியிருந்த வத்தைப் படகுகளுக்கு அப்பால் கொடி மணலை மூடிக் கிடந்தது. ஒரு பூவைப் பறித்து, நகத்தால் மேலிருந்து கீழாகக் கிழித்து, உள்ளங்கையில் விரித்து வைத்தாள். ஒரே துண்டுதான். ஆனால் அடியிலிருந்து விளிம்புக்கு, அடர்ந்த நிறத்தில் பட்டை பட்டையாக ஓடியது. விரலை வைத்து எண்ணினாள். ஐந்து.

"அஞ்சு பாவு," என்றாள். "சுத்தி நிறுத்திக் கட்டணும் லாத்தா. திரும்பாம வட்டமாவே நெய்ஞ்சுக்கிட்டுப் போகணும், கூடை பின்னுற மாதிரி. ஆனா அஞ்சு குண்டூசியையும் நடுவுல எது பிடிச்சு நிறுத்தும்?"

லாத்தா வெயிலுக்கு முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, தனக்கு எப்படித் தெரியும் என்றார். சூஃபியா இன்னொரு பூவைப் பறிக்கக் குனிந்தாள்.